என்னைத் தெரியலையா, சேர்?

கண்டி வாவிக்கரையில்
பறவை எச்சம் விழாத மரம் ஒன்றே ஒன்று.
அதன் அடி என்னுடையது.
ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன்.
சலவைச் சட்டை, படிய வாரிய தலை,
கையில் மரக்கறிப் பை.
பைக்கு வெளியே இரண்டு லீக்ஸ்
தலைநீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.
லீக்ஸ் வைத்திருப்பவனை யாரும் சந்தேகிப்பதில்லை.

"ஹலோ சேர், என்னைத் தெரியலையா?
உங்க ஹோட்டல் குசினியில நான்தான்.
இன்னைக்கு லீவு."

எந்த ஹோட்டல் என்று நான் சொல்வதில்லை.
அவர்களே சொல்லிவிடுவார்கள்.
முகம் சிவக்கும், வெயிலால் அல்ல.
காலையில் முட்டை பொரித்துத் தந்தவனை
அடையாளம் தெரியவில்லையே என்ற வெட்கம்.
அந்த வெட்கம்தான் என் முதல்.
அதைப் போட்டுத்தான் யாவாரம்.

பிறகு எல்லாம் சரிவில் உருண்ட பூசணி.
மாணிக்கக்கல் கண்காட்சி, வரியில்லை,
இன்று ஐந்து மணியோடு முடிகிறது.
நவ்ஷாத்தின் ஓட்டோ தற்செயலாக வரும்.
தற்செயலாக வருவதற்காக
விடிந்ததிலிருந்து மூலையில் நிற்பான்.
நூற்றுக்குப் பதினைந்து தருவார்கள்,
அதில் அவனுக்குப் பாதி.

அவுஸ்திரேலியாக்காரி ஒருத்தி ஒரு நாள்
"முட்டை ஆறிப்போயிருந்தது" என்றாள்.
மன்னிப்புக் கேட்டேன்.
நாளை சூடாகத் தருவதாக வாக்கும் கொடுத்தேன்.
அன்றிரவு நெடுநேரம்
நான் பொரிக்காத அந்த முட்டையை நினைத்துக்
கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய், தூறல்.
தலதா மாளிகைப் பக்கமிருந்து
குடையில்லாமல் வருகிறார் வில்லெம்.

நுவரெலியாவில், இப்போது பூட்டிக் கிடக்கும் ஹோட்டலில்
பதினோராம் அறை.
வெங்காயம் ஆகாது.
ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தவருக்கு
அரிசியைக் குழையவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு
கஞ்சி கொண்டுபோனது நான்.
கரண்டியைப் பிடித்ததும் நான்.
போகும் நாளில் கையை விடாமல்
"உன்னை மறக்க மாட்டேன், சாம்" என்றார்.
சட்டையில் குத்தியிருந்த பெயர் அது.
வீட்டில் நான் சந்தனம்.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன்.
மூச்சிரைத்தது. வேறு சொல் வரவில்லை.
இத்தனை நாள் பழகிய நாக்கு
பழகிய தடத்திலேயே போனது:

"ஹலோ சேர், என்னைத் தெரியலையா?
உங்க ஹோட்டல் குசினியில..."

அவர் சிரித்தார். அதே நல்ல சிரிப்பு.
"இந்த வித்தை எனக்குத் தெரியும், நண்பரே.
புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது."
மனைவியின் முழங்கையைப் பிடித்து
நடையைக் கூட்டினார்.

"சேர், வெங்காயம்!" என்று கத்தினேன்.
"வெங்காயம்!"

அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.
நான் விற்கிறேன் என்று நினைத்திருப்பார்.
வேண்டாம் என்று
மிகவும் மரியாதையாகக் கையசைத்தார்.

"விழலையா?" என்றான் நவ்ஷாத்.
"விழல."
"கிழவனுங்க இப்பெல்லாம் உஷார்" என்று சொல்லி
ஓட்டோவை உதைத்துக் கிளப்பினான்.

புசல்லாவ பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
கம்பளை தாண்டியதும் கொண்டக்டர்
மிச்சக் காசை நீட்டியபடி
முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தான்.
"அண்ணன எங்கயோ பாத்திருக்கேனே."

"இருக்காது" என்றேன்.

லீக்ஸ் இரண்டும் துவண்டுவிட்டன.
மூன்று நாளாக அதே லீக்ஸ்.
நாளைக்குப் புதிது வாங்க வேண்டும்.